டெம்ப்ளேட் த/பெ யார்? கோ மொழியில் இம்போர்ட் வரியைக் கவனிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கும் எங்கள் சனிக்கிழமை நிரலாக்க வகுப்பில் ஒரு தம்பி, தான் வளர்ந்த தோட்டத்துக் கோயிலுக்காக, கோ என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தான். மாரியம்மன் திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், யார் எத்தனை வெள்ளி கொடுத்தார்கள், கூடவே ஆளுக்கு ஒரு வரி வாழ்த்து. அவ்வளவுதான். தோட்டத்தை விட்டு ஷா ஆலம், ஜொகூர் பாரு என்று குடிபோனவர்களும் கைப்பேசியிலேயே பெயர் பதிந்துகொள்ளலாம். எஸ்பிஎம் பரீட்சை முடித்த கையோடு ஒரு பையன் தனியாக உட்கார்ந்து செய்தது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு காலையில் திறந்து பார்த்தால், பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் தடித்த எழுத்தில் நின்றார்கள். அவனுடைய பெரியப்பா மகன் வாழ்த்துக் கட்டத்தில், எழுத்தைத் தடிப்பாக்கும் எச்டிஎம்எல் (இணையப் பக்கத்தை வடிவமைக்கும் மொழி) குறியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். மூடும் குறியைப் போடவில்லை. பக்கம் அதை அப்படியே வாங்கி அப்படியே காட்டிவிட்டது.

எழுத்து தடித்ததோடு போனது நல்ல காலம். அதே கட்டத்தில் வேறொருவர் ஸ்கிரிப்ட் குறியைப் போட்டிருந்தால், பட்டியலைப் பார்க்க வந்த ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அந்த ஆள் எழுதிய நிரல் ஓடியிருக்கும். கோயில் பக்கம் என்று நம்பித் திறக்கிற பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.

"அக்கா, நான் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்தானே போட்டேன், அது தானாகத் தடுக்கும் என்று நீங்கள் சொன்னீர்களே" என்றான். டெம்ப்ளேட் என்பது, வெற்றிடம் விட்டு எழுதிவைத்த அச்சில் பெயர்களையும் எண்களையும் நிரப்பித் தரும் நிரல் தொகுப்பு. எந்தத் தொகுப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்று சொல்லும் இம்போர்ட் பகுதி கோப்பின் தலையில் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தோம். ‘டெக்ஸ்ட்/டெம்ப்ளேட்’ என்று இருந்தது. "இந்த வரியை நான் எழுதவே இல்லையே!" உண்மைதான். அவன் சேவ் செய்தபோது எடிட்டர், அதாவது நிரல் எழுதும் செயலி, தானாக எழுதிய வரி அது.

கோ மொழிக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இங்கே இடறுகிறார்கள். அதனால் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன். பேக்கேஜ் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர், வேறு அப்பா

கோ மொழியில் ஒரு பேக்கேஜை, அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்த வேண்டுமென்றால் கோப்பின் தலையில் அதை இம்போர்ட் செய்திருக்க வேண்டும். இம்போர்ட் செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டாலும், நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் விடாது, பிழை என்று நிறுத்திவிடும். இரண்டு பக்கமும் கறார். கையால் சேர்த்து, கையால் அழித்து மாளாது என்பதால் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் ‘கோஇம்போர்ட்ஸ்’ என்ற கருவியை எழுதினார். விட்டுப்போன இம்போர்ட்டைச் சேர்க்கும், தேவையில்லாததை எடுக்கும், கூடவே நிரலின் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தும். இன்று விஎஸ் கோட் எடிட்டரில் கோ நீட்சியை நிறுவினால், உள்ளே ஓடும் ‘கோபிள்ஸ்’ இதே வேலையை நீங்கள் சேவ் செய்யும்போதெல்லாம் செய்துவிடும். நல்ல கருவி. நானும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அது எங்கே தடுமாறும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். ஒரு லயத்தில் மூன்று முனியாண்டி இருப்பார்கள். தோட்ட ஆபீசுக்குக் கடிதம் வந்து, கிராணி வெறும் "முனியாண்டி" என்று கூப்பிட்டால், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற முனியாண்டி வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். கடிதம் அவருடையதா என்பது பிரித்துப் படித்த பிறகுதான் தெரியும். அதனால்தான் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டிலும், ஐசி என்ற அடையாளக் கார்டிலும் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரும் நிற்கிறது.

கோ பேக்கேஜின் முழுப் பாதையும் அப்படித்தான். ‘எச்டிஎம்எல்/டெம்ப்ளேட்’, ‘டெக்ஸ்ட்/டெம்ப்ளேட்’ என்ற இரண்டும் கோ மொழியோடு வரும் தர நூலகத்திலேயே இருக்கின்றன. டெம்ப்ளேட் த/பெ எச்டிஎம்எல், டெம்ப்ளேட் த/பெ டெக்ஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலுக்குள் நாம் கூப்பிடுவதோ வெறும் ‘டெம்ப்ளேட்’ என்றுதான். அப்பா பெயர் இம்போர்ட் வரியில் மட்டும்தான் இருக்கும். அந்த வரியை நாம் எழுதாவிட்டால் யாரைக் கூப்பிட்டோம் என்பதைக் கருவி ஊகிக்கிறது.

எப்படி ஊகிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முதலில், அதே கோப்புறையில் இருக்கும் அக்கம்பக்கத்துக் கோப்புகள் அந்தப் பெயரில் எதை இம்போர்ட் செய்திருக்கின்றன என்று பார்க்கும். அடுத்து தர நூலகம். அங்கேயும் கிடைக்கவில்லையென்றால் உங்கள் ப்ராஜெக்ட்டின் மற்ற கோப்புறைகள், உங்கள் கணினியில் ஏற்கெனவே இறக்கிவைத்திருக்கும் மாட்யூல்கள் (பேக்கேஜ்களின் கட்டு) என்று தேடிப் போகும். ஒவ்வோர் இடத்திலும் அது சரிபார்ப்பது ஒன்றே ஒன்று: புள்ளிக்குப் பின்னால் நீங்கள் எழுதிய ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் அந்தப் பேக்கேஜில் இருக்கின்றனவா? இருந்தால் போதும். அந்த ஃபங்ஷனை எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று அது பார்ப்பதில்லை.

தம்பியின் பக்கத்தில் நடந்தது அதுதான். உபயதாரர்களுக்கு நினைவூட்டல் செய்தி அனுப்ப முதலில் ஒரு கோப்பு எழுதியிருந்தான். அது வெறும் எழுத்துச் செய்தி, ஆகவே டெக்ஸ்ட் டெம்ப்ளேட்டைக் கையால் இம்போர்ட் செய்திருந்தான். அதில் தப்பே இல்லை. மறுநாள் அதே கோப்புறையில் இணையப் பக்கத்துக்கான கோப்பைத் திறந்து, ‘டெம்ப்ளேட்.பார்ஸ்ஃபைல்ஸ்’ என்று அடித்துச் சேவ் செய்தான். கருவி பக்கத்துக் கோப்பைப் பார்த்தது. அங்கே ஒரு டெம்ப்ளேட் இருந்தது. பார்ஸ்ஃபைல்ஸ் அதிலும் உண்டு. எடுத்துப் போட்டுவிட்டது.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

முதல் படி: கருவி என்ன செய்கிறது என்று கண்ணால் பாருங்கள்

சேவ் செய்யும்போது நடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், அதுவும் கோப்பின் தலையில். நீங்கள் இருநூறாவது வரியில் இருப்பீர்கள். எனவே ஒரு தடவை அதை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். டெர்மினலில் ‘கோ இன்ஸ்டால் கோலாங்.ஓஆர்ஜி/எக்ஸ்/டூல்ஸ்/சிஎம்டி/கோஇம்போர்ட்ஸ்@லேட்டஸ்ட்’ என்று கொடுத்தால் கருவி தனியாக வந்து உட்காரும். ஒரு சோதனைக் கோப்பில் இம்போர்ட் எதுவும் இல்லாமல் நாலு வரி எழுதுங்கள். எடிட்டர் முந்திக்கொள்ளாமல் இருக்க, நோட்பேட் போன்ற எளிய செயலியில் எழுதுவது நல்லது. பிறகு ‘கோஇம்போர்ட்ஸ் -டி’ என்று கொடுத்து, கோப்பின் பெயரையும் கொடுங்கள். கோப்பைத் தொடாமல், எதைச் சேர்க்கப்போகிறது, எதை எடுக்கப்போகிறது என்று மட்டும் காட்டும். ‘-டபிள்யூ’ போட்டால்தான் கோப்பில் எழுதும். ‘-எல்’ போட்டால் எந்தெந்தக் கோப்புகள் மாறும் என்று பெயரை மட்டும் சொல்லும்.

இப்படி நாலைந்து தடவை பார்த்தவர்களுக்கு, சேவ் செய்ததும் கண் தானாக மேலே ஓடும்.

இரண்டாம் படி: வம்புப் பெயர்களுக்கு இம்போர்ட் வரியை முதலில் கையால் எழுதுங்கள்

எல்லாப் பேக்கேஜுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை. ‘எஃப்எம்டி’, ‘ஓஎஸ்’, ‘ஸ்டிரிங்ஸ்’ போன்றவற்றைக் கருவியிடம் விட்டுவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் இடத்தில் மட்டும், நிரலை எழுதத் தொடங்கும் முன்பே மேலே போய் முழுப் பாதையையும் நீங்களே அடியுங்கள். ஒரு பெயருக்கு இம்போர்ட் வரி ஏற்கெனவே இருந்தால் கருவி அதை மாற்றாது.

இந்தக் குணத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தப்பான வரி ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டால், அதையும் அது தானாகத் திருத்தாது. நீங்கள் கீழே எத்தனை வரி எழுதினாலும் "பெயர் இருக்கிறது, சரி" என்று விட்டுவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. இதில் நானே மாட்டியிருக்கிறேன், பழகியவர்களும் மாட்டுகிறார்கள். நீங்கள் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டைக் கையால் ஒழுங்காக இம்போர்ட் செய்துவிட்டீர்கள். ஏதோ பிழையைத் தேட, டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் நாலு வரிகளைத் தற்காலிகமாகக் கமென்ட் ஆக்கி, அதாவது ஓடாத குறிப்பாக்கி, சேவ் செய்கிறீர்கள். பயன்பாடு இல்லையே என்று கருவி உங்கள் இம்போர்ட் வரியை எடுத்துவிடும். பிழை தெரிந்து, கமென்ட்டை நீக்கித் திரும்பச் சேவ் செய்கிறீர்கள். இப்போது கருவி முதலிலிருந்து ஊகிக்கிறது. நீங்கள் கையால் எழுதியது நினைவில் இருக்கும், வரியோ வேறாக இருக்கும். கமென்ட் போட்டு எடுத்த கோப்பை மூடுவதற்கு முன் இம்போர்ட் பகுதியைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள்.

டெம்ப்ளேட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருக்கிறதிலேயே ஆபத்தானது இதுதான். இரண்டு பேக்கேஜுக்கும் வெளித்தோற்றம் ஒன்று. நியூ, மஸ்ட், பார்ஸ், பார்ஸ்ஃபைல்ஸ், எக்ஸிக்யூட் எல்லாம் இரண்டிலும் உண்டு, ஒரே மாதிரி அழைக்கலாம். ஆகவே மாற்றிப் போட்டாலும் கம்பைலர் வாயே திறக்காது. பக்கமும் ஓடும். உள்ளே நடப்பதுதான் வேறு. எச்டிஎம்எல் டெம்ப்ளேட், ஒரு மதிப்பு பக்கத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கும்: சாதாரண எழுத்தாகவா, குறியின் பண்புக்குள்ளா, இணைப்பு முகவரியிலா, ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளா. அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி ஆபத்தான எழுத்துகளைத் தீங்கில்லாத வடிவத்துக்கு மாற்றிப் போடும். யாராவது கோணக்குறி போட்டுப் பெயர் எழுதினால், பக்கத்தில் கோணக்குறியாகவே தெரியும், கட்டளையாக வேலை செய்யாது. டெக்ஸ்ட் டெம்ப்ளேட் இது எதையும் செய்யாது. கடிதம், மின்னஞ்சல் செய்தி, அமைப்புக் கோப்பு போன்ற வெறும் எழுத்துக்காக உருவானது அது, அந்த வேலைக்கு அதுதான் சரி.

சிலர் இங்கே ஒரு குறுக்குவழி பிடிக்கிறார்கள். ‘டெம்ப்ளேட்.எச்டிஎம்எல்’ என்ற வகை எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதை எங்காவது பயன்படுத்தினால் கருவிக்குக் குழப்பம் வராதே என்பார்கள். குழப்பம் வராதுதான். ஆனால் அந்த வகைக்குப் பொருளே "இது நம்பிக்கையான எச்டிஎம்எல், தொடாமல் அப்படியே விடு" என்பது. மற்றவர்கள் அடித்த எழுத்தை அதில் சுற்றினால், எந்தப் பாதுகாப்புக்காக அந்தப் பேக்கேஜைத் தேடினோமோ அதை நாமே கழற்றிவைத்ததாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது, சமவாய்ப்பு எண்களைத் தரும் ‘ரேண்ட்’. தர நூலகத்தில் ‘மேத்/ரேண்ட்’ இருக்கிறது, ‘கிரிப்டோ/ரேண்ட்’ இருக்கிறது, 2024இல் வந்த கோ 1.22இலிருந்து ‘மேத்/ரேண்ட்/வி2’வும் இருக்கிறது. மூன்றையும் நிரலுக்குள் கூப்பிடும் பெயர் ரேண்ட். கோயில் விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்குக்கு எண் எடுக்க மேத் குடும்பம் போதும். உபயதாரர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார், புதிதாக வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு ரகசிய இணைப்பு அனுப்ப வேண்டும் என்றால் கிரிப்டோதான். மேத் குடும்பத்தின் எண்கள் சமவாய்ப்பு போலத் தெரிந்தாலும், ரகசியம் காப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கோ 1.20க்கு முன்பு, விதை எண் (தொடக்க எண்) கொடுக்காவிட்டால் மேத்/ரேண்ட் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதே எண்களை அதே வரிசையில் தரும். பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஃபங்ஷன் பெயரே ஓரளவுக்கு மச்சம் மாதிரி அடையாளம் காட்டும். ‘இன்ட்என்’ என்பதில் கடைசி எழுத்து சின்னதாக இருந்தால் பழைய மேத்/ரேண்ட், பெரியதாக இருந்தால் வி2. 2025இல் வந்த கோ 1.24இல் ‘ரேண்ட்.டெக்ஸ்ட்’ என்ற ஒன்று சேர்ந்தது, அது கிரிப்டோவில் மட்டும்தான். கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியச் சரம் வேண்டுமென்றால் அதையே பயன்படுத்துங்கள், கருவி தவற வழியே இல்லை. ‘ரீட்’ என்பது மேத்/ரேண்டிலும் உண்டு, கிரிப்டோவிலும் உண்டு. மேத் பக்கத்து ரீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1.20லேயே ஒதுக்கிவைத்துவிட்டார்கள். இந்தப் பெயர்ச் சிக்கல் தெரிந்து, கருவியை எழுதியவர்களும் ரேண்ட் என்று வந்தால் கிரிப்டோவை முதலில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதனால் புதியவர்களுக்கு ஒரு சின்னத் திகைப்பு வரும்: குலுக்குக்காக ‘ரேண்ட்.இன்ட்’ என்று வெறும் அடைப்புக்குறி போட்டு எழுதுவீர்கள், அந்தப் பெயர் கிரிப்டோவிலும் இருப்பதால் அது வந்து உட்காரும், அங்கே இன்டுக்கு இரண்டு மதிப்புகள் கொடுக்க வேண்டும் என்பதால் கம்பைலர் "மதிப்பு போதவில்லை" என்று கத்தும். நீங்கள் எழுதிய வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மேலே போய் இம்போர்ட்டைப் பாருங்கள். கத்துகிற பிழை எப்போதும் நமக்கு உதவிதான்.

‘ஸ்லைசஸ்’ என்பதும் அப்படி ஒரு கத்துகிற பெயர். 2023இல் கோ 1.21இல் அது தர நூலகத்துக்குள் வந்தது. அதற்கு முன் சோதனை நூலகத்தில் இருந்தது. பழைய சோதனைப் பதிப்பில் ‘சார்ட்ஃபங்க்’, நாம் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனிடம் ‘ஆம், இல்லை’ என்ற விடையைக் கேட்கும், இப்போது இருப்பது எண்ணைக் கேட்கும். வரிசைப்படுத்தும் இடத்தில் வகை பொருந்தவில்லை என்று பிழை வந்தால் பழைய வீட்டிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் ‘யாம்ல்’ வெளி மாட்யூல். அதன் வி2, வி3 இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். உள்ளடுக்கு மேப்களை வி2 ஒரு வகையிலும் வி3 வேறு வகையிலும் தருவதால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது உடையும். ‘ஸ்கேனர்’, ‘பிப்ராஃப்’ போன்றவற்றிலும் இரட்டைப் பெயர் உண்டு. தொடக்கத்தில் அவை உங்களுக்குத் தேவைப்படாது.

மூன்றாம் படி: கம்பைலர் நீட்டும் கட்டளையை உடனே ஓட்டாதீர்கள்

கருவி, நீங்கள் எப்போதோ வேறு பயிற்சிக்காக இறக்கிவைத்த மாட்யூலையும் எடுத்துப் போடக்கூடும் என்று சொன்னேன் அல்லவா. அது நடந்தால் என்ன ஆகும்? இந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்தெந்த மாட்யூல் வேண்டும் என்று பட்டியலிடும் ‘கோ.மாட்’ கோப்பில் அந்த மாட்யூல் இருக்காது. 2021இல் வந்த கோ 1.16இலிருந்து ‘கோ பில்ட்’ தானாகக் கோ.மாட்டைத் தொடுவதில்லை. "இந்தப் பேக்கேஜைத் தரும் மாட்யூல் எதுவும் இல்லை, சேர்ப்பதற்கு இப்படிக் ‘கோ கெட்’ கொடுங்கள்" என்று கட்டளையையே எழுதிக் காட்டும்.

புதியவர்கள் செய்வது என்ன? அந்தக் கட்டளையை நகலெடுத்து அப்படியே ஓட்டுவார்கள். பிழை போய்விடும், மனசும் லேசாகிவிடும். ஆனால் நீங்கள் கேட்காத, யார் எழுதினார்கள் என்று தெரியாத ஒரு மாட்யூல் உங்கள் நிரலுக்குள் குடிவந்துவிட்டது. கோ.மாட்டை ஒழுங்குபடுத்தும் ‘கோ மாட் டைடி’ கட்டளை இன்னும் ஒரு படி மேலே போய், கேட்காமலேயே அதைச் சேர்த்துவிடும்.

அதனால் அந்தப் பிழை வந்தவுடன் கையை விசைப்பலகையிலிருந்து எடுங்கள். பிழையில் உள்ள முழுப் பாதையை வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வகுப்பில் சத்தமாகவே படிக்கச் சொல்வேன். "இந்தப் பாதையை நான் கேட்டேனா?" கேட்கவில்லையென்றால் இம்போர்ட் வரியை அழித்துவிட்டு நீங்கள் நினைத்ததைக் கையால் எழுதுங்கள். கேட்டதுதான் என்றால் தாராளமாகக் கோ கெட் கொடுங்கள். ஒரு பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ‘கோ டாக்’ என்று அடித்து முழுப் பாதையைக் கொடுங்கள், டெர்மினலிலேயே விளக்கம் வரும்.

மாற்றங்களைக் கிட்டில் பதிந்துவைக்கும் ஒவ்வொரு கமிட்டுக்கு முன்பும், என்ன மாறியது என்று காட்டும் ‘கிட் டிஃப்’ பார்க்கும் பழக்கம் வேண்டும். அதில் முதலில் கோ.மாட், அடுத்து ஒவ்வொரு கோப்பின் இம்போர்ட் பகுதி. மற்ற வரிகளை அப்புறம் பார்க்கலாம். உங்கள் சொந்தப் பேக்கேஜ்களைத் தனிக் குழுவாகக் கீழே ஒதுக்கிவைக்க ‘-லோக்கல்’ என்ற தெரிவு இருக்கிறது. அதற்கு உங்கள் மாட்யூலின் பெயரைக் கொடுத்துவிட்டால் தர நூலகம் ஒரு குழு, வெளியார் ஒரு குழு, வீட்டார் ஒரு குழு என்று பிரிந்து நிற்கும். வெளியார் குழுவில் ஒரு வரி கூடினால் உடனே தெரியும்.

நான்காம் படி: கோப்புறையைப் பிரியுங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள்

கருவி அக்கம்பக்கத்தைப் பார்ப்பது ஒரே கோப்புறைக்குள்தான். ஆகவே கடிதம், செய்தி எழுதும் நிரலை ஒரு கோப்புறையிலும் இணையப் பக்கத்துக்கான நிரலை இன்னொரு கோப்புறையிலும் வைத்தால், ஒன்றைப் பார்த்து மற்றதற்கு இம்போர்ட் போடும் வேலை நடக்காது. தம்பியின் ப்ராஜெக்ட்டை முதலில் இப்படித்தான் பிரித்தோம். எப்படியும் செய்ய வேண்டிய பிரிவினைதான் அது.

இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் இம்போர்ட் செய்யும்போதே வேறு பெயர் வைத்துவிடலாம். பாதைக்கு முன்னால் ‘பக்கடெம்ப்’ என்றோ ‘எச்டெம்ப்’ என்றோ நீங்கள் விரும்பும் பெயரை எழுதினால், நிரலுக்குள் அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். என் பரிந்துரை இதுதான்: ப்ராஜெக்ட் முழுக்க எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுக்கு ஒரே மாற்றுப்பெயர் வையுங்கள். புதுக் கோப்பில் அந்த மாற்றுப்பெயரை அடித்துச் சேவ் செய்தால், கருவி பக்கத்துக் கோப்பைப் பார்த்து மாற்றுப்பெயரோடு சரியான பாதையைக் கொண்டுவரும். முன்பு நம்மை விழவைத்த அதே பழக்கம் இப்போது நமக்கு வேலை செய்கிறது. பயன்படுத்தும் வரியைப் படிக்கும்போதே யார் பிள்ளை என்றும் தெரிந்துவிடும், மேலே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: காவல் வையுங்கள்

கண்ணால் பார்ப்பது நல்லதுதான். இரவு பதினொரு மணிக்கு, வேலைக்குப் போய்வந்த களைப்பில் உட்கார்ந்து எழுதும்போது கண்ணை நம்ப முடியாது. ‘கோலாங்சிஐ-லின்ட்’ என்ற சரிபார்ப்புக் கருவித் தொகுப்பில் ‘டெப்கார்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கோப்புறையில் எந்தப் பேக்கேஜ் வரக்கூடாது என்று அதற்கு எழுதிக்கொடுக்கலாம். இணையப் பக்கக் கோப்புறையில் டெக்ஸ்ட்/டெம்ப்ளேட் கூடாது என்று ஒரு விதி, பக்கத்தில் ஏன் கூடாது என்று ஒரு வரிக் காரணம். பின்னால் வருகிற தங்கச்சிக்கும் அந்தக் காரணம் பிழைச்செய்தியிலேயே தெரியும். அதே தொகுப்பில் ‘கோசெக்’கையும் இயக்கிவிடுங்கள். மேத்/ரேண்டைப் பயன்படுத்தும் இடங்களை ஜி404 என்ற எண்ணோடு சுட்டிக்காட்டும். குலுக்குக்காகப் போட்டதையும் காட்டும்தான். அந்த இடத்தில் யோசித்துவிட்டு அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட நான் நம்புவது ஒரு சின்ன டெஸ்ட்டை, அதாவது நிரலைச் சோதிக்கும் நிரலை. உபயதாரர் பெயராகத் தடிப்புக் குறியோடு ஒரு சரத்தைக் கொடுங்கள். டெம்ப்ளேட்டை, நினைவகத்தில் இருக்கும் ஒரு பஃபருக்குள் எக்ஸிக்யூட் செய்யுங்கள். வெளிவந்த எழுத்தில் அந்தக் குறி உள்ளே போன வடிவத்திலேயே இருந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிதான். இம்போர்ட் எப்படி மாறினாலும், யார் மாற்றினாலும், ‘கோ டெஸ்ட்’ ஓட்டினால் தெரிந்துவிடும். இம்போர்ட் வரியைச் சரிபார்க்கிறவை எல்லாம் பெயரைத்தான் பார்க்கின்றன. இது நடத்தையைப் பார்க்கிறது.

பொலிடெக்னிக்கில் ஜாவா படிக்கிறவர்களுக்கு

கதை அங்கேயும் இதேதான். ‘லிஸ்ட்’ என்று அடித்தால் ‘ஜாவா.யூட்டில்.லிஸ்ட்’ வேண்டிய இடத்தில் ‘ஜாவா.ஏடபிள்யூடி.லிஸ்ட்’ வந்துவிடும். அது திரையில் காட்டும் பட்டியல் பெட்டி. கோணக்குறிக்குள் வகை கொடுத்தால் கம்பைலர் உடனே சொல்லிவிடும், பெரிய தொல்லை இல்லை. ‘டேட்’டுக்கும் யூட்டில், எஸ்க்யூஎல் என்று இரண்டு வீடு உண்டு. தொல்லை தருவது, சோதனைகளை ஓட்டும் ஜேயூனிட். ப்ராஜெக்ட் ஜேயூனிட் 5இல் ஓடும், பழைய 4ஆம் பதிப்பும் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ‘டெஸ்ட்’ என்ற குறியைப் பழைய வீட்டிலிருந்து இம்போர்ட் செய்துவிட்டால், பழையவற்றை ஓட்டும் இயந்திரம் இல்லாத ப்ராஜெக்ட்டில் அந்தச் சோதனை ஓடவே ஓடாது. தோற்றதாகவும் காட்டாது. எத்தனை சோதனை ஓடியது என்ற எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் பிடிபடும். இன்டெல்லிஜே எடிட்டரில் ஆட்டோ இம்போர்ட் அமைப்புப் பக்கத்தில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வேண்டாத பாதைகளை அதில் எழுதிவிட்டால் அவற்றைப் பரிந்துரைக்கவே செய்யாது.

இந்த வாரப் பயிற்சி

புதுக் கோப்புறை ஒன்றில் ஒரு கோப்பு உருவாக்கி, டெக்ஸ்ட்/டெம்ப்ளேட்டைக் கையால் இம்போர்ட் செய்து இரண்டு வரி வாழ்த்துச் செய்தி எழுதுங்கள். பக்கத்திலேயே இரண்டாவது கோப்பைத் திறந்து, இம்போர்ட் எழுதாமல், ஒரு பெயர்ப் பட்டியலை எச்டிஎம்எல் பக்கமாகக் காட்டும் நிரலை எழுதிச் சேவ் செய்யுங்கள். மேலே என்ன வந்தது என்று பாருங்கள். அப்புறம் பெயர்களில் ஒன்றைத் தடிப்புக் குறியோடு கொடுத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இம்போர்ட்டில் டெக்ஸ்ட் என்பதை மட்டும் அழித்துவிட்டு எச்டிஎம்எல் என்று மாற்றி, வேறெதையும் தொடாமல், திரும்ப ஓட்டுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை கொண்டுவாருங்கள். தம்பி தன்னுடைய டெஸ்ட்டை எல்லாருக்கும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.